வன்னிப் பள்ளிக்கூடத்துக்கு எது: பட்டமா, கிளைடரா, இறப்பர் விமானமா, ட்ரோனா?

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர், வன்னியில் தாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான மன்றத்துக்குக் காசு சேர்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் விமானம் பற்றிப் படிக்க வேண்டும், வாசித்து மட்டுமல்ல, செய்தும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இரண்டு ட்ரோன் வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசித்து, "சேர், நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இதே யோசனையில் இருக்கும் வேறு பள்ளிக்கூடங்களுக்கும் உதவட்டும் என்று என் பதிலை விரிவாக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதற் காசு கையால் எறிகிற, எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து இறங்குகிற கிளைடருக்குப் போக வேண்டும். பட்டம் அதற்குத் துணை. முறுக்கிய இறப்பரால் ஓடுகிற இறப்பர் விமானம் பெரிய வகுப்புக்கு. ட்ரோன் கடைசி.

இந்த மண்ணில் இந்தக் கேள்வி வேறெங்கும் போன்றதல்ல. இன்று முப்பத்தைந்து வயதைத் தாண்டிய வன்னி ஆட்களுக்கு விமானத்தைக் காதால்தான் தெரியும். குண்டு போட வந்த கிபிர் விமானத்தின் இரைச்சல் வேறு, மிக் விமானத்தின் இரைச்சல் வேறு, ஹெலி வேறு, நாள் முழுக்க மேலே சுற்றிக்கொண்டிருந்த வண்டு என்கிற ஆளில்லா வேவு விமானம் வேறு. சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டியதுதான். இவ்வளவு பாரமான இரும்பு எப்படி மேலே நிற்கிறது என்று நின்று யோசிக்க அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் அவகாசம் கொடுக்கவில்லை. போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள் இப்போது உயர்தர வகுப்பு வரை வந்துவிட்டார்கள். அவர்கள் அண்ணாந்து பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்கள் கையாலேயே செய்த ஒன்று காற்றில் நிற்பதைக் காட்டித்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நான் ஒவ்வொன்றையும் எடைபோடுவது அந்த நினைப்போடுதான்.

பார்த்தவை மூன்று. எத்தனை பிள்ளைகளின் கை அதில் படும்? அது ஏன் பறக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியவருமா? கைமீறிப் போனால் அது எங்கே போய் விழும்? மூன்றாவதைக் கொழும்பில் இருந்து திட்டம் போடுகிறவர் யோசிக்கவே மாட்டார். இங்கே மிதிவெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் உண்டு. சிவப்புப் பலகை நட்ட இடமும் உண்டு, பற்றை மூடி யாரும் போகாமலே கிடக்கிற இடமும் உண்டு. அறுந்த பட்டத்தின் பின்னால் ஓடுகிற பிள்ளை பலகை பார்த்து ஓடாது.

பட்டத்தில் தொடங்குவோம், ஏனென்றால் அது ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது. பட்டத்தைக் கயிற்றோடு பிணைக்கும் முச்சை நூல்களைக் கட்டத் தெரிந்த ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். முச்சையின் மேல்நூலைக் கொஞ்சம் கட்டையாக்கினால் பட்டம் காற்றுக்குக் காட்டும் சாய்வு குறையும், நீட்டினால் கூடும். சாய்வு அளவோடு இருந்தால் காற்று அதைத் தூக்கும், அளவு மீறினால் பின்னுக்கு இழுக்கும். விமானச் சிறகு பற்றிப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் முதற் பாடம் இதுதான். எங்கள் பெரியவர்கள் அதை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். வால் கட்டினால் ஏன் ஆடாமல் நிற்கிறது, காற்றில் அதிரும் நாரான விண்ணைப் பூட்டினால் ஏன் கூவுகிறது, எல்லாமே பௌதிகம். ஒரு தாத்தாவை வகுப்புக்குக் கூப்பிட்டு முச்சை கட்டிக் காட்டச் சொல்வதற்கு ஒரு சதமும் செலவில்லை.

விமான வரலாற்றிலும் பட்டத்துக்குப் பெரிய இடம் உண்டு. 1894 நவம்பர் 12 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் லாரன்ஸ் ஹார்கிரேவ் நான்கு பெட்டிப் பட்டங்களைத் தொடராகக் கட்டி, அவற்றில் தானே தொங்கிக்கொண்டு 16 அடி உயரம் எழும்பினார். தன் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை, யாரும் பயன்படுத்தட்டும் என்று வெளியிட்டார். 1906இல் பாரிசில் சாந்தோஸ் துமோன் பறந்த விமானத்தின் சிறகுகள் பார்வைக்கே பெட்டிப் பட்டங்கள்தான். ரைட் சகோதரர்களும் 1899இல் ஐந்தடி அகலப் பட்டம் ஒன்றைச் செய்து, நான்கு கயிறுகளால் அதன் சிறகை முறுக்கிப் பார்த்த பிறகுதான் ஆள் ஏறும் கிளைடரில் கை வைத்தார்கள்.

இவ்வளவு இருந்தும் பட்டத்தை ஏன் முதலில் வைக்கவில்லை? ஒரு காரணம் காலம். யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கலோடு வாடைக்காற்றில் பட்டம் ஏறும். வன்னியில் தை மாதம் வயல் முழுக்கக் காலபோக நெல் நிற்கும். கதிர் முற்றுகிற நேரத்தில் வயலுக்குள் பிள்ளைகளை ஓடவிட எந்தக் கமக்காரரும் சம்மதிக்கமாட்டார், சம்மதிக்கவும் கூடாது. மிஞ்சுவது விளையாட்டு மைதானமும் குளக்கட்டும். மைதானத்து ஓரமாக மின்கம்பி போகும். குளக்கட்டில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. முல்லைத்தீவுக் கடற்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. வைகாசி, ஆனிக்குப் பிறகு சோளகமும் கச்சானும் பலமாக வீசும்போது தரிசு வயல்களில் ஏற்றலாம். ஆனால் அந்தக் காற்றில் தங்கூசி என்கிற நைலோன் நூல் அறுந்தால் பட்டம் பற்றைக்காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது அளவுகோலில் பட்டம் இங்கே தோற்றுப்போகிறது.

இன்னொரு காரணம் நுட்பமானது. பட்டத்தைக் கயிறு பிடித்து வைத்திருக்கிறது. கயிறு அறுந்தால் அது விமானம் ஆகாது, கடதாசியும் ஈர்க்குமாகச் சுழன்று விழும். தன்னைத் தானே சமநிலையில் வைத்துக்கொள்வதுதான் பறப்பின் கடினமான பகுதி. அதைப் பட்டம் கற்றுத்தராது.

அந்தக் கயிற்றை அறுத்தும் விழாமல் போகச் செய்தவர் ஜோர்ஜ் கேலி, இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர்க்காரர். 1804இல் அவர் செய்த மாதிரியை ஏழாம் வகுப்புப் பிள்ளை இன்றைக்கே செய்யலாம். ஒரு நீளத் தடி. முன்பக்கம் சாதாரணப் பட்டம் ஒன்று கொஞ்சம் சாய்வாக. பின்னால் சிலுவை வடிவ வால். மூக்கில் முன்னே பின்னே நகர்த்தக்கூடிய ஒரு பாரம். அவ்வளவுதான். தூக்குவதற்கு ஒரு சிறகு, நேராக வைத்திருக்க ஒரு வால், சமநிலைக்கு ஒரு பாரம் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார் அவர். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வருகிற ஏடிஆர் பயணிகள் விமானம் வரைக்கும் அந்தப் பிரிப்பு அப்படியே இருக்கிறது. பறவையைப் போலச் சிறகடிக்க வேண்டும் என்று மனிதர் பட்ட பாடு தேவையில்லை என்று ஒரு தடியும் ஒரு பட்டமும் காட்டின.

கிளைடரை நான் முதலில் வைப்பதற்கு இதுவே பெரிய காரணம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது கிளைடர். மீன்பெட்டிக்கும் பொதிகளுக்கும் வருகிற பாரமில்லாத வெள்ளை நுரைப்பலகையான ரெஜிபோம், ஈர்க்கு அல்லது சீவிய மூங்கில், பசை, மூக்குக்குக் களிமண் போதும். செய்து எறிகிற முதல் நாள் எல்லாம் விழும். விழுகிற விதத்தைப் பார்ப்பதில்தான் பாடமே இருக்கிறது. மூக்கைத் தூக்கி, ஒரு கணம் நின்று, விழுந்து, மறுபடி தூக்கி அலைபோலப் போகிறதா? மூக்கில் பாரம் காணாது, இன்னும் கொஞ்சக் களிமண் வை. நேராக மண்ணில் போய்க் குத்துகிறதா? பாரம் கூடிப்போச்சு, எடு. ஒரு பக்கம் சரிந்து வட்டமடிக்கிறதா? இரண்டு சிறகும் ஒரே அளவா என்று பார், நுனிகளை இலேசாக மேல்நோக்கி வளைத்துவிடு. சிறகின் அகலத்தில், முன்விளிம்பிலிருந்து கால்பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில் விரலை வைத்துத் தூக்கினால் அது கிடையாக நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்தால் போதும், மிச்சத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பத்துத் தரம் எறிந்தால் பத்துத் தரமும் கிளைடர் பதில் சொல்லும். ஒவ்வொரு பதிலும் அரை நிமிடத்துக்குள் கிடைத்துவிடும்.

அளக்கவும் வேண்டும். தோள் உயரம் ஒன்றரை மீற்றர். கிளைடர் ஒன்பது மீற்றர் போய் இறங்கினால் ஆறுக்கு ஒன்று. இந்த எண்ணைக் கொப்பியில் எழுதப் பழகிய பிள்ளைக்கு வரலாறு திறந்துகொள்ளும். பேர்லின் சுற்றுப்புற மேடுகளிலிருந்தும், பின்னர் தானே கட்டிய ஒரு மண்மேட்டிலிருந்தும், 1891 முதல் 1896 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் தரம் பறந்தார் ஒட்டோ லிலியென்தால். தன் உடலை அசைத்தே சமநிலையைப் பிடித்தார். 1896 ஓகஸ்ட் 9 அன்று விழுந்து மறுநாள் உயிர் விட்டார். அவர் விட்டுப்போன அளவீட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் ரைட் சகோதரர்கள் 1901 கிளைடரைச் செய்தார்கள். அது எதிர்பார்த்த தூக்குவிசையில் மூன்றிலொரு பங்கைத்தான் தந்தது. அவர்கள் சோர்ந்தாலும் விடவில்லை. ஆறடி நீளப் பெட்டி ஒன்றில் விசிறியால் காற்றை ஓடவிட்டு, ஏறத்தாழ இருநூறு சிறு சிறகு வடிவங்களைத் தாங்களே அளந்து புதிய அட்டவணை போட்டார்கள். 1902 கிளைடர் அதற்குப் பிறகு வந்தது. பெரியவர் எழுதிய எண் என்றாலும் அளந்து பார் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. பாடப்புத்தகத்தை மனனம் செய்தே பழகிய எங்கள் வகுப்புகளுக்கு அது மிகவும் தேவை.

கனடாவில் இருக்கும் பழைய மாணவர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய இன்னொரு கதையும் உண்டு. 1983 ஜூலை 23 அன்று மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் போன ஏர் கனடாவின் போயிங் 767, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றுபோயிற்று. 22,300 கிலோ தேவைப்பட்ட இடத்தில் 22,300 இறாத்தல்தான் இருந்தது. அலகு மாற்றத்தில் வந்த பிழை. விமானி பொப் பியர்சன் ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டுகிறவர். அந்தப் பழக்கத்தில், எஞ்சின் இல்லாத அவ்வளவு பெரிய விமானத்தை கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் உயிர் தப்பினார்கள். "அலகு எழுத மறந்திட்டன் சேர்" என்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது அளவுகோலிலும் கிளைடர்தான் முதல். கையால் எறிந்தது இருபது முப்பது மீற்றருக்குள் கண்ணெதிரே விழும். மாரி மழையில் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் எறியலாம். வெளியே என்றால் காலை எட்டு மணிக்கு முன், காற்று எழும்பாத நேரம். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் பரவிக் கிடக்கும், அதில் விழுந்தால் சிறகும் உடையாது.

இறப்பர் விமானத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம். 1871 ஓகஸ்ட் 18 அன்று பாரிசின் துய்லரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய இறப்பரால் ஓடுகிற சிறு விமானம் ஒன்றை அறிஞர்கள் முன்னிலையில் விட்டார். 11 விநாடியில் ஏறத்தாழ 40 மீற்றர் போனது. 32 வருடங்களுக்குப் பிறகு, 1903 டிசம்பர் 17 அன்று ஓர்வில் ரைட் பறந்த முதற் பறப்பு 12 விநாடி, 36.5 மீற்றர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். அந்த இரண்டுக்கும் நேரடி உறவும் உண்டு. பெனோவின் வடிவமைப்பைத் தழுவிய ஒரு விளையாட்டு ஹெலியைத்தான் 1878இல் ரைட் சகோதரர்களின் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்போது வில்பருக்கு 11 வயது, ஓர்விலுக்கு 7.

ஆனால் செய்வது கடினம். பாரம் கொஞ்சம் கூடினாலும் எழும்பாது. சுழன்று முன்னே இழுக்கும் விசிறியான புரொபெல்லர்தான் பெரிய தலையிடி. யோகட் கப்பின் பக்கச்சுவரில் சரிவாக வெட்டியெடுத்தால் தேவையான முறுக்கு இயல்பாகவே வந்துவிடும், செலவும் இல்லை. அதைச் செய்கிற பிள்ளைக்கு ஏடிஆர் 72இன் ஆறு அலகுப் புரொபெல்லரைப் படத்தில் காட்டி, ஒவ்வொரு அலகும் சுழலுகிற ஒரு சிறகு என்று விளக்கலாம். நல்ல இறப்பர் நாடா மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும், காசு மட்டை கட்டுகிற இறப்பர் வளையம் சரிவராது. தரம் 6, 7 பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் இரண்டாம் நாள் மனம் உடைந்துவிடுவார்கள். கிளைடர் நேராகப் போகச் செய்துவிட்ட பிள்ளைகளுக்கு, தரம் 10க்கு மேல், இதைவிட நல்ல பரிசு இல்லை. திறந்த வெளியில் நூறு மீற்றருக்கு மேலும் போகும் என்பதால், துப்புரவான மைதானம் வேண்டும், இறப்பரைக் குறைவாகத்தான் முறுக்க வேண்டும்.

இனி ட்ரோன். அதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. நான்கு சுழலிகளால் எழும்பும் எண்ணம் பழையது. 1907இலேயே பிரான்சில் பிரெகே சகோதரர்கள் அப்படியொன்றைச் செய்தார்கள். நிலத்தைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது, ஆனால் ஆட்கள் சுற்றிவரப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1924 மே 4 அன்று எத்தியேன் ஓமிஷேன் தன் இயந்திரத்தில் ஒரு கிலோமீற்றர் சுற்றிவந்தார். அதோடு அந்தப் பாதை ஏறக்குறைய மூடிக்கொண்டது. நான்கு சுழலியையும் விநாடிக்குப் பல தரம் திருத்திக்கொண்டிருக்க மனிதக் கையால் முடியாது. விரல்நகம் அளவு உணரிகளும் மலிவான கணினிச் சில்லுகளும் வந்த பிறகுதான் அது சாத்தியமாயிற்று. ஆகவே ட்ரோனை நிமிர்த்தி வைத்திருப்பது பெட்டிக்குள் இருக்கும் கணினி. வாங்கிய ட்ரோனை ஓட்டுகிற பிள்ளை அந்தக் கணினியிடம் "மேலே போ" என்கிறது, அவ்வளவே. ஒரு பிள்ளை ஓட்ட முப்பத்தொன்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கும்.

சட்டமும் உண்டு. இலங்கையில் ட்ரோன்களைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ஒழுங்குபடுத்துகிறது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில காலம் முற்றாகவே நிறுத்தி வைத்திருந்தார்கள். இரணைமடுவிலும் வவுனியாவிலும் விமானப்படைத் தளங்கள் இருக்கின்றன. அனுமதி எடுக்காமல் ஒரு பள்ளிக்கூடம் ட்ரோன் ஏற்றினால் அதிபர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரைச்சல். மைதானத்து வேலிக்கு அப்பால் குடியிருக்கும் அம்மாமாருக்கு அது வண்டுச் சத்தம். பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருப்பது அவர்களை என்ன செய்யும் என்பதை அவர்களிடம் கேட்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது.

ட்ரோன் வேண்டவே வேண்டாமா என்றால், இல்லை. உயர்தரத்தில் தொழினுட்பம் எடுக்கிற பிள்ளைகளுக்கு, நிரல் எழுதி ஓட்டக்கூடிய சின்ன வகை நல்லது. 80 கிராம் எடையுள்ள டெல்லோ என்ற ட்ரோன் போன்றதை மண்டபத்துக்குள்ளேயே பறக்கவிடலாம், வெளியே காற்றில் அது நிற்காது. வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்துவிட்ட காலத்தில் இந்த அறிவு நாளைக்கு வேலையும் தரும். அதன் இடம் கடைசி, அவ்வளவுதான்.

நீர் ரொக்கெட் பற்றியும் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் துள்ளுவார்கள், ஆனால் அது விமானம் அல்ல. விஞ்ஞான தினத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே சேர்த்த காசை இப்படிச் செலவழிக்கச் சொல்கிறேன். பத்தில் ஒரு கிராம் வரை காட்டுகிற தராசு இரண்டு, முப்பது மீற்றர் அளவு நாடா, நிறுத்தற் கடிகாரங்கள், ரெஜிபோம் வெட்டுகிற சூட்டுக்கம்பி ஒன்று, நல்ல இறப்பர் நாடா ஒரு சுருள். ரெஜிபோமும் மூங்கிலும் இங்கேயே கிடைக்கும். ஒரு ட்ரோனின் விலைக்குள் இவை எல்லாம் அடங்கும். மிச்சத்தை இரண்டாம் வருடத்துக்கு வைத்திருங்கள், அனுமதி எடுக்கிற வேலையை உயர்தரப் பிள்ளைகளே கடிதம் எழுதித் தொடங்கட்டும்.

முதற் தவணை மழைக்குப் பிந்திய காலை நேரங்களில் கிளைடர். மாசியிலோ பங்குனியிலோ அறுத்த வயலில், கமக்காரரின் சம்மதத்தோடு, பக்கத்துப் பள்ளிக்கூடங்களையும் கூப்பிட்டு ஒரு போட்டி. ஆனி, ஆடிக் காற்றில் கடற்கரைப் பள்ளிக்கூடங்கள் பட்டத்தை எடுக்கட்டும். போட்டி வைத்தால் தூரத்துக்குப் பரிசு கொடுக்காதீர்கள், பலசாலிப் பிள்ளை எறிந்தே வென்றுவிடும். எறிந்த உயரத்தையும் போன தூரத்தையும் எழுதிய கொப்பியைப் பார்த்து, முதல் எறியிலிருந்து கடைசி எறிவரை யார் கூடுதலாகத் திருத்திக்கொண்டார்கள் என்பதற்குக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது அந்த நேரம் ஊருக்கு வருவதானால் காலை ஏழு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள், அளவு நாடா பிடிக்க ஆள் வேண்டும்.